களிமண்ணும் கோட்டையும்: வீட்டுக்கல்வி யாருக்கு?

ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றால், திண்டுக்கல்லில் அக்கம்பக்கத்தார் முன்பெல்லாம் கேட்கும் முதல் கேள்வி "ஏன், பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்பதுதான். பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் சாத்திய பள்ளிக் கதவுகள், ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. பத்தொன்பது மாதம்! விரும்பியோ விரும்பாமலோ, அத்தனை காலமும் தமிழ்நாடே வீட்டுக்கல்வியில்தான் இருந்தது.

பெரும்பாலான வீடுகளில் அது கல்வியாக இல்லை, செல்போனாக இருந்தது. ஆனால் சில வீடுகளில் அப்பா அம்மாவுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. பள்ளியில் மூன்று மாதம் மண்டையில் ஏறாத பின்னக் கணக்கு, தோசையை நாலாக வெட்டியபோது ஏறிவிட்டது. மாடியில் வெயிலில் வைத்த தண்ணீர் எங்கே போனது என்று பிள்ளையே கேட்டது. "இப்படியே வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுத்தால் என்ன?" என்ற கேள்வி அங்கே பிறந்தது. இப்படிக் கேட்பவர்கள் அதிகமாகப் புலம்புவது இரண்டு பாடங்களைப் பற்றித்தான்: வரலாறு, அறிவியல். நியாயமான புலம்பல். நம் வகுப்பறைகளில் முதலாவது வெறும் ஆண்டுகளாகவும், இரண்டாவது வெறும் படங்களாகவும் ஆகிவிட்டன. தவளையின் படத்தை அழகாக வரைந்து பாகம் குறித்தால் முழு மதிப்பெண். தவளை எங்கே இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை!

ஆகவே கையால் செய்து கற்பது சரியா தப்பா என்பதில் விவாதத்துக்கே இடமில்லை. சரிதான். அதற்கு வீடுதான் இடமா, யார் வீடு என்பதில்தான் விவாதம்.

முதலில் ஒரு சின்னக் குறை. "செய்து கற்றல்" என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுவது பெட்டியில் அடைத்து விற்கும் சாமான்கள். எரிமலை செய்யும் பெட்டி ஒன்று உண்டு. களிமண் கூம்பு, உள்ளே ஆப்ப சோடா, மேலே வினிகர், கொஞ்சம் சிவப்புச் சாயம். புஸ்ஸென்று பொங்கும். பிள்ளை கைதட்டும். ஆனால் எரிமலை அப்படியா வெடிக்கிறது? பூமிக்குள் பாறை உருகுவதற்கும் வினிகர் சோடாவோடு சேர்ந்து கரியமில வாயு வெளியேறுவதற்கும் என்ன சம்பந்தம்? வேதியியல் பாடம் என்று சொல்லிச் செய்தால் நல்ல சோதனை. புவியியல் என்று சொல்லிச் செய்தால் கைதட்டலோடு சேர்த்து ஒரு தப்பையும் கற்றுக் கொடுத்தாயிற்று. கை வேலை செய்தால் மட்டும் போதாது. அந்த வேலை ஒரு கேள்விக்குப் பதில் தேட வேண்டும்.

அந்த மாதிரிக் கேள்விகளுக்குத் திண்டுக்கல்லில் பஞ்சமே இல்லை. பெட்டி வாங்க வேண்டியதும் இல்லை.

சூரியனையே எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10.4 டிகிரியில் இருக்கிறது. அதனால் வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் மத்தியில் சித்திரை பிறந்த சில நாளிலும், ஆகஸ்ட் கடைசி வாரத்திலும், சூரியன் நடு உச்சியில் வந்து நிற்கும். அந்த நிமிஷத்தில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழல் கிடையாது. அது பன்னிரண்டு மணிக்கு நடக்கும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான், 12.20 வாக்கில் நடக்கும். ஏன் அந்த இருபது நிமிஷம்? நம் கடிகாரம் காட்டுவது 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரம். திண்டுக்கல் அதற்கு நாலரை டிகிரி மேற்கே, 78-ஐ ஒட்டி இருக்கிறது. டிகிரிக்கு நாலு நிமிஷம். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியுமா என்றால், முழுசாகப் புரியாது. ஆனால் "கடிகாரம் ஏன் பொய் சொல்கிறது?" என்ற கேள்வி அந்த வயதில் மனதில் விழுந்தால் லேசில் போகாது.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். பெங்களூர் ஏறத்தாழ இதே தீர்க்கரேகையில், நேர் வடக்கே இருக்கிறது. திண்டுக்கல்காரர்களுக்குப் பெங்களூரில் ஒரு சித்தப்பாவோ அத்தை மகனோ இல்லாமல் இருப்பார்களா? இங்கே நிழல் மறையும் அதே நேரத்தில் அங்கே ஒரு மீட்டர் குச்சியை நட்டால் சுமார் நாலரை சென்டிமீட்டர் நிழல் விழும். அது 2.6 டிகிரிக் கோணம். இரண்டு ஊருக்கும் தெற்கு வடக்குத் தூரம் 290 கி.மீ. அளவில். 2.6 டிகிரிக்கு 290 என்றால் 360 டிகிரிக்கு எவ்வளவு? நாற்பதாயிரத்துச் சொச்சம். பூமியின் சுற்றளவு! எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்கர் எகிப்தில் இருந்துகொண்டு இரண்டாயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன்பு போட்ட கணக்கு இதுதான். அளப்பதில் அரை சென்டிமீட்டர் பிசகினால் விடையில் நூற்றுக்குப் பத்துக்கும் மேல் பிசகும். அந்தப் பிசகும் பாடம்தான், அதைப் பிள்ளையிடம் மறைக்கக் கூடாது.

அடுத்தது நெல். பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல் என்று ஓர் ஊர். 2009, 2010-இல் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அங்கே தோண்டிய ஒரு ஈமச்சின்னத்தில், நாலு கால் வைத்த ஒரு ஜாடியில் இரண்டு கிலோ அளவுக்கு நெல் கிடைத்தது. அதைக் கார்பன் முறையில் ஆராய்ந்தபோது வந்த காலம் கி.மு. 490. கூடவே தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானைத் தாங்கியும் கிடைத்ததால், தமிழ் எழுத்தின் வயதைப் பற்றிய விவாதத்தில் பொருந்தலுக்கு ஓர் இடம் உண்டு. நம் மாவட்டத்துப் பாடப்பொருள். கீழடி அருங்காட்சியகம் வரை போகப் பஸ் காசு இல்லாதவர்கள்கூட இதைத் தொட்டுப் படிக்கலாம்.

எப்படி? ஒரு படி நெல்லை எடுத்துப் பிள்ளை முன்னால் கொட்டுங்கள். "5,730 வருடம் ஆனால் இதில் பாதி போய்விடும்" என்று சொல்லிப் பாதியை ஒதுக்குங்கள். இன்னொரு 5,730 வருடம், மிச்சத்தில் பாதி. இன்னொன்று, அதிலும் பாதி. குவியல் தீரவே தீராது என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். பொருந்தல் நெல்லில் அந்தக் கார்பன் எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும்? முதல் பாதியே இன்னும் முடியவில்லை, கிட்டத்தட்ட முக்கால் பங்கு மிச்சம். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் என்பது நமக்குத்தான் பெரிசு, கார்பனுக்குப் பாதி ஆயுள்கூட இல்லை! வரலாறும் அறிவியலும் ஒரே படி நெல்லில் வந்துவிடுகின்றன. பாடப் புத்தகத்தில் அவை இரண்டும் வேறு வேறு அட்டைக்குள், வேறு வேறு பீரியடில் இருக்கின்றன.

தண்ணீர் இன்னும் எளிது. ஒரு தட்டில் போர்த் தண்ணீர், ஒரு தட்டில் மழைத் தண்ணீர். மொட்டை மாடியில் இரண்டு நாள். ஒன்றில் வெள்ளைப் பொருக்கு படியும், ஒன்றில் அநேகமாக ஒன்றும் இருக்காது. உப்பு எங்கிருந்து வந்தது? பாறையிலிருந்தும் வரும், தோல் ஷாப்புகளிலிருந்தும் வரும். தோல் கெடாமல் இருக்க உப்புப் போடுகிறார்கள், அந்த உப்பு கழுவின தண்ணீரோடு எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? இந்த இடத்தில் அறிவியல் பாடம் சத்தம் போடாமல் வரலாறாக மாறிவிடுகிறது. இந்த ஊர்த் தோல் ஷாப்புத் தொழிலாளர்களை வைத்து டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012-இல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. சின்னப் பிள்ளைகள் அதைப் படிக்க முடியாது. ஆனால் தாத்தாக்களில் யாராவது அந்த ஷாப்புகளில் வேலை பார்த்திருப்பார்கள், அவர்களிடம் கேட்கலாம்.

வரலாற்றில் ஒரு கண்ணி இருக்கிறது. மலைக்கோட்டையை அட்டையில் வெட்டி, பசை தடவி, பீரங்கிக்கு அகர்பத்திக் குழாய் சொருகினால் அது வரலாறு படித்தது ஆகுமா? அது கைவினை. வரலாறு என்பது "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பது. கோட்டைக்கு மேலே ஏறினால் சாமி இல்லாத ஒரு கோயில் நிற்கிறது. சாமி ஏன் இல்லை, எப்போது கீழே வந்தது என்று ஊரில் நாலு பேரிடம் கேட்டால் நாலு கதை வரும். நாலையும் நோட்டில் எழுதி, எது எதற்குச் சான்று இருக்கிறது, எது கேள்விப்பட்டது மட்டும் என்று பிரிக்கச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளை வரலாற்று ஆசிரியரின் வேலையைச் செய்கிறது. பேகம்பூரைத் தினமும் பஸ்ஸில் கடக்கிறோம். அந்தப் பெயர் ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகத்தால் வந்தது என்பது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? நாயக்கர் கட்டிய கோட்டையில் ஹைதர் வந்து உட்கார்ந்தார், 1790-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், 1801-இல் விருப்பாச்சி கோபால் நாயக்கரைத் தூக்கிலிட்டார்கள். எல்லாம் நம் பஸ் ரூட்டிலேயே இருக்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டு "அப்படியானால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடலாமே" என்று யாருக்காவது தோன்றலாம். அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

கையால் கற்கும் கல்வி திண்டுக்கல்லுக்குப் புதிதல்ல. மதுரை ரோட்டில் சின்னாளப்பட்டியை ஒட்டி இருக்கும் காந்திகிராமத்தை 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கியதே காந்தியின் ஆதாரக் கல்வியை நம்பித்தான். 1937-இல் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தி வைத்த யோசனை இது: ஏழு வருடம், தாய்மொழியில், ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து எல்லாப் பாடத்தையும் சொல்லிக் கொடுப்பது. நூல் நூற்றுக்கொண்டே கணக்கு, பருத்தியிலிருந்து தாவரவியல், துணியிலிருந்து வரலாறு. இன்றைக்கு வீட்டுக்கல்விக் குழுக்களில் ஆங்கிலத்தில் பேசுகிற பல விஷயங்களை அன்றைக்கே சொல்லியாயிற்று. அது ஏன் நிலைக்கவில்லை?

அதிகாரிகளின் அலட்சியம், பயிற்சி இல்லாத ஆசிரியர்கள், நூற்ற நூலை விற்றுப் பள்ளிச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நடக்காத கணக்கு என்று பல காரணங்கள் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். அதோடு, ஏழை வீட்டுப் பெற்றோருக்கு அது பிடிக்கவில்லை. "நாங்கள்தான் காலமெல்லாம் கையால் உழைத்தோம், பிள்ளையாவது புத்தகம் படிக்கட்டும்" என்பது அவர்கள் வாதம். வசதியானவர்களின் பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளியில் படிக்கும்போது இவர்கள் பிள்ளைகளுக்கு மட்டும் தக்ளியா?

தமிழ்நாட்டில் இந்தச் சந்தேகத்துக்கு இன்னொரு ஆழமான காரணமும் சேர்ந்தது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பள்ளி அரை நாள், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் மற்றவர்களும் அதை எதிர்த்தார்கள். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், அடுத்து வந்த காமராஜர் திட்டத்தையே கைவிட்டார். ஆதாரக் கல்வியும் இதுவும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஆதாரக் கல்வியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே தொழிலைப் பள்ளியில் கற்பார்கள். 1953 திட்டத்தில் அவரவர் வீட்டுக்குப் போய் அவரவர் அப்பாவின் தொழிலைக் கற்க வேண்டும். குயவர் பிள்ளை மண் பிசைய, வக்கீல் பிள்ளை வக்கீல் வீட்டில் இருக்க. முதலாவதில் குறைகள் உண்டு, இரண்டாவது ஒரு சுவர். ஆனால் மக்கள் மனதில் இரண்டும் ஒன்றாகக் கலந்துபோய், "கைவேலைக் கல்வி" என்றாலே ஏமாற்று வேலை என்று ஆகிவிட்டது.

இப்போது நிலைமை தலைகீழ்! வசதியுள்ள வீட்டில் காசு கொடுத்துக் களிமண் வாங்கிப் பிள்ளையைப் பிசையச் சொல்கிறார்கள். மண்பாண்டம் செய்கிற வீட்டில் கடன் வாங்கி மெட்ரிக் பள்ளிக்கு அனுப்பி, பிள்ளை கையில் மண் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு பெற்றோரும் அவரவர் நியாயத்தில் சரி. ஆனால் இந்த இரண்டு பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் சந்திக்கப் போவதில்லை. ராஜாஜி திட்டம் அரசாங்க உத்தரவால் செய்யப் பார்த்ததை வீட்டுக்கல்வி ஆசையால் செய்துவிடக் கூடாது.

பூட்டை வைத்தே இதைப் பார்க்கலாம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உள்ளே இருக்கும் லீவர் தகடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் சரியான உயரத்துக்கு எழும்பினால்தான் தாழ் நகரும். சாவியின் ஒரு பல்லில் அரத்தால் அரை நூல் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் போச்சு. லீவர் என்றால் என்ன? பள்ளிப் பாடத்தில் வரும் அதே நெம்புகோல்தான். பூட்டுச் செய்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கு அது விரல் நுனியில் தெரியும், அதன் பெயர் தெரியாது. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு மூன்று வகை நெம்புகோலும் ஒப்பிக்கத் தெரியும், அரம் பிடிக்கத் தெரியாது. தனித்தனி வீட்டில் இருந்தால் இரண்டு பேருக்கும் பாதிதான். ஒரே மேஜையில் ஒரு பழைய பூட்டைப் பிரித்துப் போட்டு உட்கார வைத்தால்? அந்த மேஜை இருக்கக்கூடிய இடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. வீட்டுக்கல்வி என்றால் ஒரு பெரியவர் நாள் முழுக்க வீட்டில் இருக்க வேண்டும். யார் இருப்பது? அநேகமாக எல்லா வீட்டிலும் அம்மாதான். எம்.எஸ்ஸி. படித்துவிட்டு வேலையை விட்டவர். "அவளுக்குப் பிள்ளைகள் மேல் அவ்வளவு ஆசை" என்று பெருமையாகச் சொல்வார்கள். சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டு நாள் கூலி வாங்கும் அம்மாவுக்கும் ஆசை இருக்கிறது, நேரம்தான் இல்லை.

சட்டம் இதில் தெளிவாக இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது, ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கல்வி என்ற வார்த்தையே அதில் இல்லை. பதினான்கு வயதானால் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம் என்பதால் வழி அடைபடவில்லை. ஜெர்மனியில் இதற்கு அநேகமாக இடமே கிடையாது, அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்களிலும் செல்லும். உடல்நிலை காரணமாகவோ, கற்றலில் சிரமம் உள்ளதாலோ, பள்ளியில் பட்ட அவமானத்தாலோ பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பள்ளி கைவிட்ட பிள்ளையை வீடுதான் தாங்க வேண்டும்.

மற்றவர்களுக்கு ஒரு யோசனை. நேரமும் படிப்பும் உள்ள பெற்றோர் அதில் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தைப் பக்கத்து அரசுப் பள்ளிக்குக் கொடுக்கலாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு இது அந்நியமும் இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08-க்குள் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அட்டைகளும் ஏணிப்படிகளுமாக நன்றாகத்தான் தொடங்கியது, பல இடங்களில் அட்டையை எடுத்து அடுக்குவதே பாடம் என்று முடிந்தது. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு அறிவியல் சோதனைகளைப் பள்ளிக்கே கொண்டு போனது. இவற்றில் குறையாக இருப்பது சோதனைச் சாமான் அல்ல. பிள்ளை கேட்கும் இரண்டாவது கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்ல ஓர் ஆள். அந்த ஆள்தான் இப்போது வீட்டுக்குள் ஒரே ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பூட்டுக்காரரையும் கூப்பிட்டு, ஒரு நாள் கூலியைக் கையில் கொடுத்து, ஆசிரியர் நாற்காலியில் உட்கார வைக்கலாம். (கூலி முக்கியம். "கலையைக் காப்பாற்ற இலவசமாக வாருங்கள்" என்று கூப்பிடுவது அசிங்கம்.)

தொடங்க நாளும் இருக்கிறது. ஏப்ரலில் பரீட்சையும் லீவும் குறுக்கே வரும், ஆகஸ்ட்தான் சௌகரியம். சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றிய அதே கம்பம், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, மேகம் மறைக்காமல் இருந்தால், 12.20-க்கு நிழல் இல்லாமல் நிற்கும். சுற்றி நிற்கப் பிள்ளைகள் வேண்டும். பெங்களூரில் குச்சி நட ஓர் அத்தை மகன் வேண்டும்.